கையெழுத்து போடுவதற்கு முன்னால்

கிராமத்துப் பெண்களுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டால் அவர்கள் தானாக மேலே வந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னமும் நிறைய இருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வருடம் களப்பணியாளராக ஊர் ஊராகப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன், கடன் கடைசியில் வரவேண்டியது. அதற்கு முன்னால் உட்கார ஓர் இடம் வேண்டும், வாரத்தில் ஒரு மணி நேரம் வேண்டும், எந்தக் காகிதமாக இருந்தாலும் கையெழுத்து போடுவதற்கு முன்னால் நாலு பேர் நடுவில் சத்தமாகப் படித்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும். நான் பார்த்த மாற்றம் எல்லாமே இந்தப் பழக்கம் இருந்த ஊர்களில்தான் நடந்தது.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு முன்வரலாறும் உண்டு. தமிழக அரசு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை 1983-இல் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் சுய உதவிக் குழுக்களை அது முதலில் ஆரம்பித்தது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான் (கிருஷ்ணகிரி 2004-இல்தான் தனி மாவட்டமானது). ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கிய 1992-க்கும் முந்தைய கதை இது. மாநிலம் முழுக்க மகளிர் திட்டமாக விரிந்தது 1997-க்குப் பிறகு.

குழு என்றால் 12 முதல் 20 பெண்கள், ஒரு ஊக்குநர், பிரதிநிதிகள். சேமிப்புத் தொகையை அவர்களே முடிவு செய்வார்கள், சேர்ந்த பணத்திலிருந்து உள்கடன் கொடுத்துக்கொள்வார்கள், வட்டி திரும்பவும் குழுவுக்கே வரும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த பிறகுதான் தரம் பார்த்து வங்கிக் கடன். இந்த ஆறு மாதத்தைத்தான் பலர் வெறும் காத்திருப்பு என்று நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமான காலம். கையில் சில ஆயிரம் ரூபாய்தான் இருக்கும், கேட்கிறவர்கள் மூன்று பேர். ஒருத்திக்கு அடகில் இருக்கும் ரேஷன் கார்டை மீட்கவேண்டும், இன்னொருத்திக்கு மகளின் பிரசவம், மூன்றாவது ஆளுக்குப் பள்ளிச் செலவு. யாருக்கு முதலில் என்று பேசியே ஆகவேண்டும். அதுவரை புருஷனிடம்கூடத் தன் தேவையை வாய்விட்டுச் சொல்லாதவள் அங்கே காரணத்தோடு சொல்கிறாள், மற்றவர்கள் அவளைக் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள், கடைசியில் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்து போடுகிறார்கள். பிற்பாடு அதே பெண் கிராம சபையில் எழுந்து நின்று தெருக்குழாய் எப்போது வரும் என்று கேட்கும்போது ஊர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இருந்ததில்லை.

இதே தெருவில் தனியார் நுண்கடன் நிறுவனங்களின் குழுக்களும் நடக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நோட்டு இருக்கும். ஆனால் அங்கே நோட்டு வசூலுக்கு வருபவர் கையில் இருக்கிறது. வட்டி வெளியே போகிறது. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்டவேண்டும், இல்லாவிட்டால் எழுந்து போகமுடியாது. இருட்டின பிறகும் அடுப்பு பற்றவைக்காமல் ஒரு வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டுக்காரி பக்கத்துத் தெருவில் ஆயிரம் ரூபாய் புரட்டப் போயிருந்தாள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது, வன்முறையான வசூலைத் தடுக்கத் தமிழக அரசு 2025-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டும் நல்லது. ஆனால் விதி எழுதியிருக்கிறது என்பதை அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவளுக்கு யார் சொல்வது? சொன்னவர்கள், பல சுய உதவிக் குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பின் பெண்கள்தான். வசூலுக்கு வந்தவரிடம், இந்த நேரத்துக்கு மேல் வரக்கூடாது தம்பி, நாளைக்குப் பகலில் வாருங்கள் என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னதும் அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். தனியாக ஒருத்தி சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டார்.

நூறு நாள் வேலையிலும் இதேதான். 2005-ஆம் வருடச் சட்டத்தில் வேலை கேட்டு மனு கொடுத்து 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தரவேண்டும் என்று இருந்தது. ஆனால் அந்த 15 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கையில் இருந்தால்தான் எண்ணமுடியும். அந்தச் சீட்டைத்தான் யாரும் சுலபத்தில் தரமாட்டார்கள். ஓர் ஊரில் பெண்கள் மனுவை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனபோது, வைத்துவிட்டுப் போங்கம்மா பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர்கள் சண்டை போடவில்லை. "தேதி போட்டு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், நாங்க கெளம்பிடறோம்" என்று ஒரு பாட்டியம்மா சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சீட்டு வந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் பெண்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. களை எடுக்கக் கூப்பிடும் பண்ணையில் அந்தச் சமமான கூலியைக் கேட்கும் தைரியம் இங்கிருந்துதான் வந்தது. விவசாய வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், அதற்கு முன்பு அந்த ஆட்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வருமானம் என்று வரும்போது எங்கள் பக்கம் முதலில் பேசவேண்டியது புளி. தை, மாசி, பங்குனியில் வீட்டுக்கு வீடு வாசலில் புளி குவிந்து கிடக்கும். ஓடு தட்டி, நாரெடுத்து, கொட்டை நீக்கிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வியாபாரி முன்பணம் கொடுத்திருப்பார், எடைபோடுவதும் அவர் தராசில். ஒரு கூட்டமைப்பு வங்கிக் கடன் வாங்கி நேரடியாக மரங்களைக் குத்தகைக்கு எடுத்தது. அவர்கள் வாங்கின முதல் சாமான் ஒரு மின்னணுத் தராசு. குத்தகைக்கு முன்பே அதை வாங்கிவிட்டார்கள், ஏனென்றால் அந்த சீசனில் வியாபாரிக்குக் கொடுத்த மூட்டைகளையே முதலில் தங்கள் தராசில் போட்டுப் பார்த்துக் குறித்து வைத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து வியாபாரியின் தராசும் சரியான எடை காட்டியது! சொந்தமாக விற்க ஆரம்பித்த பிறகு கொட்டையையும் தனியாகக் காசாக்கினார்கள். எல்லா வருடமும் லாபம் வரவில்லை, மழை முந்திக்கொண்டால் புளி கறுத்து விலை இறங்கிவிடும். ஆனால் நஷ்டம் வந்த வருடத்தின் கணக்கையும் அவர்களால் வரிக்கு வரி படித்துச் சொல்லமுடிந்தது, அதனால் அடுத்த வருடம் யாரும் விலகிப் போகவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் அசையாமல் நிற்கிற ஒன்று நிலம். பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது, அப்பா 2005 சட்டம் வந்த தேதியில் உயிரோடு இருந்திருக்கவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டத்தில் குறை இல்லை. ஆனால் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு ஒரு முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள், அண்ணன் தம்பிகளுக்குத் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் மனப்பூர்வமாக என்று அதில் எழுதியிருக்கும். மறுத்தால் பொங்கல் வரிசை வராது, பிள்ளைக்குக் காது குத்த தாய்மாமன் மடி இருக்காது, நாளைக்குப் புருஷன் வீட்டில் ஒன்று என்றால் போய் நிற்க வாசல் இருக்காது. இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் சரியாகத்தான் கணக்குப் போடுகிறாள், அந்தக் கணக்கில் அவளுக்கு வேறு பாதுகாப்பு எதுவும் இல்லை.

அதனால்தான் சேமிப்பும் குழுவும் முதலில் வேண்டும் என்கிறேன். ஒரு கூட்டத்தில் ஒரு பெண் தன் அண்ணன் கொடுத்த பத்திர நகலைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும், கிணறும் அதில்தான் வருகிறதா என்று ஒரு அக்கா கேட்டார். வந்தது. அவளுக்கு அது தெரியாது. கடைசியில் அவள் கையெழுத்து போடத்தான் செய்தாள், ஆனால் தன் பங்குக்கு ஒரு தொகையைத் தன் பெயரில் உள்ள கணக்கில் வாங்கிக்கொண்டு போட்டாள். அண்ணனும் முறைத்துக்கொள்ளவில்லை. அதே ஊரில் இன்னொருத்தி போடவே மாட்டேன் என்று நின்றாள், அவளுக்கும் பிறந்த வீட்டுக்கும் பேச்சு இன்னும் சரியாகவில்லை. குழு இரண்டு பேருக்கும் துணையாகத்தான் இருந்தது, இப்படித்தான் செய் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது மேலிருந்து எங்களிடம் கேட்கப்படுவதெல்லாம் எத்தனை குழு, எவ்வளவு கடன், எத்தனை சதவீதம் வசூல் என்பதுதான். பத்திரம் படித்த மாலை எந்த அறிக்கையிலும் ஏறாது. அடுத்த கூட்டமைப்புப் பயிற்சியில் இதற்கென்று அரை நாள் ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், பத்திரம் எழுதுபவர் ஒருவரையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவரையும் கூப்பிடப் போகிறோம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் எந்த மாவட்டத்தில் வேலை செய்தாலும் இதைக் குழுவில் சொல்லிவையுங்கள், தாலுகா நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை கூட்டிக்கொண்டு போயும் காட்டுங்கள்.