இரண்டு இடது கால்

வியட்நாமில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஹனோயிலிருந்து ஹூவேக்கு ராத்திரி ஸ்லீப்பர் பஸ் பிடித்தேன். சுமார் 670 கிலோமீட்டர். ரயிலும் உண்டு. ஆனால் டிக்கெட்டும் மலிவு, ஒரு ராத்திரி ரூம் வாடகையும் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்குகள் இப்படித்தான் இருக்கும்.

படியில் கால் வைத்ததுமே உதவியாளர் பையன் என் காலைக் காட்டிக் கத்தினான். எதையோ மிதித்துவிட்டேன் போல என்று குனிந்து பார்த்தால், கையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் திணிக்கிறான். அங்கே ஸ்லீப்பர் பஸ்ஸில் ஷூவோடு ஏறக் கூடாது. கழற்றிப் பையில் போட்டுக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க ஹனோய் தெருக்களை அளந்த ஷூ அது. பைக்கு இரண்டு முடிச்சுப் போட்டேன்.

உள்ளே மூன்று வரிசை, மேல் கீழ் இரண்டு அடுக்கு. படுக்கை என்று சொன்னாலும் சாய்ந்துதான் கிடக்க முடியும். கால் நீட்ட ஒரு பெட்டி; அந்தப் பெட்டி முன்னால் இருப்பவர் தலைக்கு அடியில். ஆக, என் தலைக்கு அடியில் பின்னால் இருப்பவரின் பாதம். நான் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இடுப்பு வரை படுத்தேன், மீதியை மடித்து வைத்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு எல்லா விளக்கையும் போட்டார்கள். சாப்பாட்டுக்கடை நிறுத்தம். இறங்குகிறவர்களுக்குக் கதவருகே கூடை நிறையப் பொதுச் செருப்பு இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் பொறுக்கியது போக எனக்கு மிஞ்சிய இரண்டும் இடது கால். அவசரம் அப்படி, மாட்டிக்கொண்டு ஓடினேன்.

திரும்பும்போது ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். அந்த ஊரில் 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பெரியதை நீட்ட, கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு, என் பர்ஸிலிருந்து தானே சரியான நோட்டை எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷி. ஆனால் இந்தக் கூத்து முடிந்து வெளியே வந்தால், ஒரே மாதிரி நான்கு பஸ் நிற்கிறது. எங்கள் பஸ் ஆட்கள் ஒருவரையும் காணோம். நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து வைத்திருந்தேன்தான். போன் பஸ்ஸுக்குள் சார்ஜில் இருந்தது.

ஒரு டிரைவர் இன்ஜினைப் போட்டார். எந்த பஸ் என்று தெரியாமல் நான்கையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். அப்போதுதான் ஒரு பாட்டி வித்தியாசமாகக் கோணி நடந்து போவது கண்ணில் பட்டது. காலைப் பார்த்தேன். இரண்டும் வலது கால்!

அந்த நேரத்தில் கடவுளே நேரில் வந்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. பின்னாலேயே போனேன். பாட்டி திரும்பிப் பார்த்து நடையை எட்டிப் போட்டார். நானும் எட்டிப் போட்டேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த வியட்நாமியச் சொல் 'காம் அன்' ஒன்றுதான், நன்றி என்று அர்த்தம். நடு ராத்திரியில் ஒரு நெட்டை ஆள் 'நன்றி, நன்றி' என்று கத்திக்கொண்டே துரத்தினால் யார்தான் நிற்பார்கள்? பாட்டி ஓடியே விட்டார்.

பஸ் படியில் பிடித்துவிட்டேன். மூச்சு வாங்க என் காலைக் காட்டினேன். பாட்டி என் காலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பொக்கை வாயைத் திறந்து அப்படி ஒரு சிரிப்பு. ஒற்றைச் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். நானும் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு சரியான ஜோடி.

இரண்டு பேரும் அதைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு ஏறினோம். என் தலைக்கு அடியில் இருந்த பாதம் அவருடையதுதான்.