வெந்நீர் தொட்டா, விட்டா

"வெந்நீரையா ஊத்துனீங்க டீச்சர்?"

நான் கேட்டது இவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. டீச்சர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா தம்பி, கொஞ்சம் சூடாத்தான் ஊத்திட்டேன். என் தப்புதான் போல" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் குனிந்து பின்னங்கால் மூட்டை ஆட்டிப் பார்த்தேன். அது போகிக்கு முந்தைய வாரம். சித்திரை வந்துவிட்டது. அந்த "என் தப்புதான் போல" இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

வெந்நீர் வைக்கச் சொன்னதே நான்தான்.

மார்கழிக் கடைசியில், பழைய நாற்காலிகளைச் சரிசெய்கிற எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வீட்டை ஒழிக்கும்போதுதான் எல்லோருக்கும் நாற்காலி கண்ணில் படும். அப்படி ஒரு சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். "தம்பி, பிரம்பு நாற்காலி குழி விழுந்து கிடக்கு. அழுக்காவும் இருக்கு. கழுவலாமா?" என்று கேட்டார். ஒரு கையில் பாலிஷ் துணி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். "தாராளமாக் கழுவுங்க. பிரம்புக்குத் தண்ணி ஒண்ணும் பண்ணாது. அடிப்பக்கம் வெந்நீர் தொட்டு வைங்க, காஞ்சா தானா இறுகிடும்" என்றேன்.

தொட்டு என்றேனா, விட்டு என்றேனா? இந்த ஒரு எழுத்தில்தான் நான் மூன்று மாதமாக நின்றுகொண்டிருக்கிறேன். தொட்டு என்றால் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுப்பது. விட்டு என்றால் சொம்பில் மொண்டு ஊற்றுவது. தொட்டு என்றுதான் சொல்லியிருப்பேன், தொழில் தெரிந்தவன் வேறெப்படிச் சொல்வான் என்று காலையில் தோன்றும். ராத்திரி படுத்தால் விட்டு என்றே காதில் விழும். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பையனுக்கு நினைவிருக்கலாம். அவனிடம் நான் கேட்கவில்லை.

பிரம்பைப் பொறுத்தவரை நான் சொன்னதில் பிழையே இல்லை. உட்காருகிற பின்னல் தொய்ந்தால், நார் அறுந்திருக்காத வரைக்கும், அதற்குத் தண்ணீர்தான் மருந்து. பிரம்பின் மேல்தோல் வழவழப்பானது, தண்ணீரைக் குடிக்காது. உள்பக்கம் குடிக்கும். அதனால் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்து நனைக்க வேண்டும். நனைந்த நார் காயும்போது சுருங்கி, பின்னல் விறைப்பாகும். காய வைப்பது நிழலில். வெயிலில் போட்டால் நார் வெடிக்கும். ஒரு முழு நாள் யாரும் உட்காரக் கூடாது. கேட்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் டீச்சர் வீட்டில் இருப்பது வெறும் பிரம்பு இல்லை. தேக்குச் சட்டம், நடுவில் மட்டும் பிரம்புப் பின்னல். சட்டத்துக்கு அந்தக் காலத்து அரக்கு பாலிஷ், ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத் துணியால் மறுபடி மறுபடி ஏற்றியது. மூட்டுகளில் பெவிகால் இல்லை, வஜ்ஜிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. என் அப்பா காலத்தில் பட்டறை அடுப்பில் வஜ்ஜிரச் சட்டி எப்போதும் இருக்கும், பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துச் சூடாக்குவார்கள். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும் என்பதுதான் அதன் குணம். வெந்நீர் பட்டால் எத்தனை வருஷம் கழித்தும் இளகும்.

எந்த நாற்காலியைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஜோடிக்குப் பின்னல் போட்டவன் நான். சட்டத்தைத் தொட வேண்டாம், பழைய பாலிஷ் அப்படியே இருக்கட்டும் என்று அன்றைக்குச் சொன்னவனும் நான்தான். போனில் பேசும்போது அந்த நாற்காலி என் கண் முன்னால் வரவில்லை, அவ்வளவுதான். அவர் பிரம்பைக் கேட்டார், நான் பிரம்புக்குப் பதில் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் சரி. இப்படிச் சொல்லிக்கொண்டால் ஒரு நாள் ஓடும்.

போய்ப் பார்த்தபோது நாற்காலி முற்றத்தில் இருந்தது. கைப்பிடி இரண்டிலும் பால் சிந்தியது போல வெளுப்பு. விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது. அப்படியென்றால் வெளுப்பு மேலே இல்லை, பாலிஷுக்குள்ளேயே ஈரம் ஏறியிருக்கிறது. பின்னலில் இருந்த வெள்ளை வேறு மாதிரி, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. அது உப்பு. எங்கள் ஊர் போர் தண்ணீரைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தண்ணீரில் இருக்கிற புளோரைடுக்காக வந்ததுதான். குழாயில் வருகிற காவிரித் தண்ணீரைக் குடிக்கப் பிடித்து வைப்பார்களே தவிர, யாரும் நாற்காலி கழுவ மாட்டார்கள். "போர் தண்ணி வேற டீச்சர், உப்பு படிஞ்சிருக்கு பாருங்க" என்று அதையும் சொன்னேன். எந்தத் தண்ணீர் என்று போனில் நான் கேட்டிருந்தேனா? இல்லை. முதல் கேள்வியோடு நிற்காமல் இரண்டாவதையும் அவர் தலையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்கழிப் பனி வேறு. சித்திரையாக இருந்தால் ஒரே மத்தியானத்தில் காய்ந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி முழுக்க ஈரம் மூட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறது. காலையில் பேரன் சாய்ந்து உட்கார்ந்ததும் பின்னங்கால் விலகிவிட்டது. பையனுக்கு அடி ஏதும் இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியில் பாதி எனக்காக வந்தது.

வேலை பெரிதில்லை. வெளுத்த இடத்தில் ஸ்பிரிட்டை லேசாகத் தொட்ட துணியால் ஒரே போக்கில் இழுத்தேன். நின்று தேய்த்தால் பாலிஷே கையோடு வந்துவிடும். மூன்றாவது இழுப்பில் வெளுப்பு கரைந்து, தேக்கின் நிறம் அடியிலிருந்து எழும்பி வந்தது. எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்த நேரம் எனக்கு அலுக்காது. பின்னலில் இருந்த உப்பை, எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து துணியில் தொட்டு எடுத்தேன். சட்டத்தில் படாமல் பார்த்துக்கொண்டேன். மூட்டைப் பிரித்துப் பழைய வஜ்ஜிரத்தை வெந்நீர் விட்டே கழுவினேன். ஆம், அங்கே விட்டுத்தான் கழுவ வேண்டும். புது வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, கயிறு போட்டு முறுக்கி, இரண்டு நாள் வைத்தேன். பெவிகால் போட்டிருந்தால் அடுத்த முறை பிரிக்கும்போது மரம் பிய்ந்து வரும். வஜ்ஜிரம் விட்டுக்கொடுக்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும்.

1,500 ரூபாய் வாங்க வேண்டிய வேலைக்கு 1,000 ரூபாய் போதும் என்றேன். குறைத்த 500 ரூபாயோடு கணக்கு தீர்ந்தது என்று அன்றைக்கு நினைத்தேன். டீச்சர் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கெடுத்ததுக்கு நீ ஏன் குறைக்கணும்" என்று 1,500 ரூபாயையும் கையில் வைத்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு யார் போன் செய்தாலும் கேள்வியாகக் கேட்கிறேன். சட்டம் என்ன மரம், பாலிஷ் எப்போது போட்டது, வழவழப்பா மங்கலா, எந்தத் தண்ணீர். பாதிப் பேருக்குப் பொறுமை இல்லை, "வெச்சிடறேன்ங்க" என்று வைத்துவிடுகிறார்கள். நேரில் பார்க்காமல் யாருக்கும் வழி சொல்லக் கூடாது என்று முடிவும் செய்தேன். போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் ஊஞ்சல் பலகையில் எண்ணெய்ப் பிசுக்கு என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு நான் சொல்லாவிட்டால் சோடா உப்பைப் போட்டுத் தேய்த்திருப்பார். சொன்னது நல்லதுதான் என்று இப்போதும் தோன்றுகிறது. அப்படியென்றால் என் முடிவு என்ன ஆயிற்று என்றும் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்கு மறுபடி போனேன், ஜோடியில் இன்னொரு நாற்காலிக்காக. இரண்டு நார் நடுவில் அறுந்திருந்தது. மற்ற நார்களும் தொட்டால் சரசரவென்று இருந்தன. இந்த வறட்சிக்குப் பிரம்பு உலர்ந்து போகும். மாதம் ஒரு முறை அடியில் ஈரத் துணியால் துடைத்திருந்தால் இன்னும் பல வருஷம் வந்திருக்கும். டீச்சர் பெருமையாகச் சொன்னார்: "தை மாசத்திலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி படாம பாத்துக்கிட்டேன் தம்பி. காஞ்ச துணிதான்."

என்ன சொல்வது? வாளியில் தண்ணீர் கேட்டேன். எடுத்து வந்திருந்த பிரம்பு நாரை வளையமாகச் சுருட்டி அதில் போட்டேன். மூழ்காமல் மிதந்த நாரைக் கையால் அமுக்கிப் பிடித்தேன். டீச்சர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணியிலயா ஊற வைக்கிற? ஆகாதுன்னு சொன்னியே?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டதுதான் அவரிடம் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஊறினாத்தான் டீச்சர் வளையும்" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நார் ஊற அரை மணி நேரம் இருந்தது.