கால்வாய்க்கரைச் சுவர்: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 24

சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாயை ஒட்டிய தெரு. கிழக்குப் பார்த்த சுவர், 32 அடி நீளம், 8 அடி உயரம். பிள்ளைகளோடு சேர்ந்து அதில் படம் வரைய வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். தெற்கு ஓரத்தில் 10 அடிக்கு வட்ட வட்டமாகச் சாணித் தடம். உரிக்காத வரட்டிகளில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது, வைக்கோல் துணுக்கோடு.

“ஏய்யா, நீங்க படம் போட்டுட்டா நான் வரட்டிய எங்க போயித் தட்ட?”

ஆச்சி கேட்டது நியாயம். பட்டா யார் பேரில் இருந்தாலும் அந்த இடத்தின் புழக்கம் அவருடையது. காலை வெயில் நேராக விழுவதும் அங்கேதான். எமல்சன் பெயிண்ட் அடித்த வழவழப்பில் வரட்டி பிடிக்காது; பிடித்தாலும் உரிக்கும்போது பெயிண்டையும் சேர்த்துக் கொண்டுவரும். அந்த 10 அடியில் கீழ் 4 அடியைத் தொடுவதில்லை என்று முடிவு. படத்துக்கு மிச்சம் 216 சதுர அடி. அதற்கேற்பப் படத்தில் வரும் வயல் வரப்பை மேலே ஏற்றி வரைய வேண்டும், வரையலாம்.

ஜனவரி 25

ஈரச் சோதனை. ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. கால்வாய்ப் பக்கம் கோத்திருக்கிறது. இப்போது அடித்தால் உப்பு பூத்துப் பொரிந்துவிடும். காத்திருப்பது தவிர வழியில்லை.

பிப்ரவரி 2

சோதனைத் தாள் காய்ந்தே இருந்தது. பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டியாக வேண்டும். அதன் மேலேயே எமல்சன் அடித்தால் ஏடு ஏடாகக் கழன்றுவரும். கண்ணாடியும் முகத்தில் துணியும் இல்லாமல் பிள்ளைகளை இந்த வேலைக்கு விடக் கூடாது. கழுவி, காயவிட்டு, வெளிப்புற பிரைமர் ஒரு கை. 4 லிட்டர் டின் ஒன்று போதும்.

பிப்ரவரி 4

நூல் அடித்து ஓரடிக் கட்டம். வெயில் சுவரை விட்டு விலகிய பிறகுதான் வண்ணம். சூடான சுவரில் பிரஷ் இழுபடும். நிறம் கூட்டக் கலக்கும் ஸ்டெய்னர், பெயிண்ட் லிட்டருக்கு 30 மில்லிக்குள் இருக்கட்டும். கூடினால் சரியாகக் காயாது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மஞ்சள் மூக்கு நாரைக்குச் சிவப்பு அலகு போட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போனபின் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது தப்பு. கூட்டு வேலையில் ஒருவர் கோட்டின் மேல் இன்னொருவர் பிரஷ் வைப்பதென்றால், போட்டவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அறுத்த வயலில் நிற்கும் நாரையைக் காட்டுவோம்: மஞ்சள் அலகு, நுனி லேசாகக் கீழே வளைந்தது, முகத்தில்தான் ஆரஞ்சுச் சிவப்பு. பார்த்தபின் மாற்றுவாளோ விடுவாளோ, அவள் இஷ்டம். விட்டால், கீழே பறவைகள் சரணாலயத்தின் பேரைச் சேர்த்து ‘கூந்தன்குளம் நாரை’ என்று எழுதுவதை நாம் கைவிட வேண்டும். பெயர் போட்டுவிட்டால் பார்ப்பவர் அதை நம்புவார்.

பிப்ரவரி 6

பிரஷ் கழுவ இரண்டு வாளி: முதலில் அழுக்கு வாளி, பிறகு அலசும் வாளி. பத்தடியில் கால்வாய் ஓடுகிறது, கை தானாக அங்கே போகும். கீழே குளிக்கிறார்கள், நெல்லுக்குப் பாய்கிறது. இரண்டு வாளியையும் ராத்திரி தெளியவிட்டு, மேல்நீரைக் கரையை விட்டுத் தள்ளி வெறுந்தரையில் ஊற்றலாம். அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்துக் குப்பை வண்டியில் போட வேண்டும்.

பெயர்ப் பட்டியலில் வரைந்தவர்களோடு சுண்ணாம்பு சுரண்டியவர்களும் வருகிறார்கள். மிச்ச வண்ணம் வீட்டுக்காரரிடம், கலவை அளவை மூடியில் எழுதி.