பழைய டர்போ காருக்கு மாற்று ஹோஸ் வாங்கிப் பொருத்துவது

என்னிடம் இருக்கும் 2006ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ காரின் எஞ்சின் இன்னும் நெடுங்காலம் உழைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. எஞ்சினைச் சுற்றியிருக்கும் ரப்பரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வேலூர் வெயிலில் நின்றும் ஓடியும் வந்த அந்த ரப்பர் சென்ற கோடையில் தன் வயதைக் காட்டிவிட்டது. ஆம்பூரிலிருந்து திரும்பும்போது மேம்பாலம் ஏறினால் பிக்கப் இல்லை, பின்னால் கரும்புகை, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சீட்டியடிப்பது போன்ற ஓசை. காட்பாடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய், டர்போ சுருக்கி அனுப்பும் சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தைக் காட்டி, “சார், காத்து இங்கதான் போவுது, கையை வெச்சுப் பாருங்க” என்றார். எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பி ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்த இடத்தைச் சற்று வளைத்ததும், அதற்குள் மறைந்திருந்த வெடிப்பு வாய் திறந்தது.

ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுடையவைதானே என்று எல்லா ஹோஸ்களையும் மாற்றத் தீர்மானித்தேன். நீல நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் முழு செட்டாக விற்கப்படும் சிலிக்கான் ஹோஸ்கள் பார்வைக்கு அழகானவை. ஆனால் அப்படிச் செட்டாக வாங்கி மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு ஹோஸையும் அதற்குள் ஓடுவது காற்றா, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டா, எண்ணெயா, டீசலா என்று பார்த்தும், உள்ளிருந்து அழுத்துகிறதா, உறிஞ்சுகிறதா என்று பார்த்தும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதே சரி.

முதலில் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் சூடான பக்கம். வெளியே 40 டிகிரி வெப்பமுள்ள காற்றை டர்போ இரு மடங்கு அழுத்தத்துக்குச் சுருக்கினால், அதன் கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பம் 130 டிகிரியை எளிதாகத் தாண்டும். ஊட்டியில் ஓடும் காருக்கும் நம் ஊரில் ஓடும் காருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடோ, வெளியே வருவது அதைவிடக் கூடுதலாகச் சூடாகிறது. சாதாரண ரப்பர் இந்த வெப்பத்தில் சில ஆண்டுகளில் இறுகிப் போகும். சிலிக்கான் ஏறத்தாழ 180 டிகிரி வரை தாங்கும். ஆனால் சிலிக்கானுக்கு எண்ணெய் ஆகாது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவி டர்போ குழாய்களின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிவது இயல்பு. வெறும் சிலிக்கான் அந்த எண்ணெயை உறிஞ்சி ஊறிப்போய், மெத்தென்று ஆகி, நாளடைவில் எண்ணெய் வெளிப்புறத்திலும் கசியத் தொடங்கும். ஆகவே உட்புறத்தில் எண்ணெயைத் தாங்கும் ஃப்ளூரோசிலிக்கான் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். பல தயாரிப்புகளில் இந்த உள்பூச்சு வேறு நிறத்தில் இருப்பதால், வெட்டுமுகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதே வெட்டுமுகத்தில் ஹோஸுக்கு வலுவூட்டும் துணி அடுக்குகளையும் எண்ணிப் பார்க்கலாம். டர்போ அழுத்தத்துக்கு நான்கு அடுக்கும் சுமார் 5 மில்லிமீட்டர் கனமும் இருப்பது நல்லது. கடைக்காரர் வெட்டுமுகத்தைக் காட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போய்விடுவேன். வேலூரில் கிடைக்காத வளைவுகளுக்குச் சென்னை ஜி.பி. ரோடுவரை போக வேண்டியிருந்தது. அங்கேயும் ஒரு எச்சரிக்கை தேவை: கம்பெனி ஒரிஜினல் என்று தரப்படும் ஹோஸ் பத்தாண்டுகளாக அலமாரியில் கிடந்ததாக இருந்தால், பெட்டி புதிதாக இருந்தாலும் ரப்பர் பழையதே. விரலால் அழுத்தி, வளைத்து, மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

அளவு எடுப்பதற்குப் பழைய ஹோஸை நம்பக் கூடாது, அது விரிந்திருக்கும். ஹோஸ் ஏறி உட்காரும் உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து, அதற்குச் சமமான உள்விட்டமுள்ள ஹோஸை வாங்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் கிளிப்பை இறுக்கிச் சரிசெய்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி இறுக்கினால் ஹோஸ் ஓரிடத்தில் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியே காற்று போகும். இன்னொன்று, சில கார்களில் கிளிப்புக்குப் பதிலாகக் கம்பி லாக்கும் ஓ-ரிங்கும் கொண்ட இணைப்பு இருக்கும். அவற்றில் சாதாரண வெட்டு ஹோஸ் எந்த வகையிலும் பொருந்தாது.

கிளிப் விஷயத்தில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாயில் ஒரு பார் (ஏறத்தாழ வளிமண்டல அளவு) அழுத்தம் என்றால், ஏறக்குறைய 20 கிலோ எடை அந்த ஹோஸை வெளியே தள்ளுகிறது என்று பொருள். பட்டையில் துளைத் துளையாக வெட்டு உள்ள மலிவான ஹோஸ் கிளிப், மென்மையான சிலிக்கானை அந்தத் துளைகளுக்குள் பிதுக்கி அறுத்துவிடும். உட்புறம் வழவழப்பாக உள்ள கிளிப் அல்லது போல்ட்டால் இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் வாங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு, நெடுஞ்சாலையில் ஹோஸ் கழன்று நிற்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மாட்டும்போது எண்ணெயோ கிரீஸோ தடவி வழுக்க வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; எது உள்ளே எளிதாக ஏற உதவுகிறதோ அதுவே பிறகு எளிதாகக் கழலவும் உதவும். குழாயின் முனையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, துருவோ வெண்படலமோ இருந்தால் நைஸ் எமரித்தாளால் தேய்த்து, தேவைப்பட்டால் சிறிதளவு சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றினால் போதும், அது காய்ந்துவிடும். முனையில் மேடாக இருக்கும் வளையத்தைத் தாண்டி ஹோஸ் போக வேண்டும், கிளிப் அந்த வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும். எல்லாம் இறுக்கிய பின் ஒருவரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொல்லி எஞ்சின் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் பழசான காரில் அது நாம் நினைப்பதைவிட அதிகமாகவே ஆடும். அந்த ஆட்டத்தில் பேட்டரி தட்டிலோ ஃபேன் கூட்டிலோ ஹோஸ் உரசினால், சில மாதங்களில் அங்கே ஓட்டை விழும்.

ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம் என்பதால், கம்பிச் சுருள் வைத்தோ கனமான சுவரோடோ செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். மெல்லிய வாக்குவம் டியூபுக்கும் இதே விதிதான்.

கூலன்ட் ஹோஸ்களுக்கு இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரும் பழைய ஸ்பிரிங் கிளிப்புமே என் தேர்வு. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் இணைப்பை ஸ்பிரிங் கிளிப் தானாகவே பிடித்துக்கொள்கிறது. சிலிக்கான் வழியாக நீராவி மெல்ல மெல்ல வெளியேறும் என்பதால், அதை மாட்டியவர்கள் கசிவே இல்லாமல் கூலன்ட் குறைகிறதே என்று குழம்புவதுண்டு. நிரப்பும்போது டிஸ்டில்டு வாட்டரையே கலக்க வேண்டும். தோல் பதனிடும் தொழிலால் உப்பேறிய பாலாற்றுப் படுகையின் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது, புது ஹோஸ் போட்ட செலவை வீணாக்குவதாகும்.

டீசல் குழாய், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய், எண்ணெய் திரும்பும் குழாய், பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரின் குழாய் ஆகிய நான்கிலும் சிலிக்கானைத் தொடவே கூடாது. அந்தந்த வேலைக்கென்று செய்யப்பட்ட பாகத்தை மட்டுமே போட வேண்டும். இதில் தவறு செய்தால் நேர்வது பிக்கப் குறைவது மட்டும் அல்ல, தீயும் பிரேக் பிடிக்காமல் போவதும்.

வேலை முடிந்ததும் டர்போவின் வாயை மூடி, காற்றடிக்கும் கம்ப்ரஸரிலிருந்து அரை பார் அளவுக்கு மட்டும் காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். பிரீதர் குழாயை அடைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் எஞ்சினின் எண்ணெய் சீல்கள் மீது அழுத்தம் ஏறும். இன்டர்கூலரின் மேல் இணைப்பில் மட்டும் சிறு குமிழிகள் வந்தன. கிளிப்பைக் கழற்றி வளையத்துக்குப் பின்னால் சரியாக உட்கார வைத்ததும் நின்றன. பிறகு ஏலகிரி மலைப்பாதைக்கு எடுத்துப் போனேன். அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வேகம் குறைத்து மீண்டும் முழு இழுவை கேட்க வேண்டியிருப்பதால், டர்போ இணைப்புகளுக்கு அதைவிட நல்ல சோதனை நம் பக்கத்தில் இல்லை. கரும்புகையும் இல்லை, ஓசையும் இல்லை. சூட்டில் சிலிக்கான் சற்றே அமுங்கும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எல்லாக் கிளிப்புகளையும் மீண்டும் ஒரு முறை இறுக்கினோம். பெரும்பாலானவற்றில் அரைச் சுற்று இடம் இருந்தது.