வவுனியாவில் ஒரு பின்னேரம் நிற்கலாம்

வவுனியாவைப் பலர் காத்திருந்த இடமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடி இருந்தபோது, பயணம் போக பாஸ் கிடைக்கும்வரை நின்ற ஊர். 1990இல் யாழ்ப்பாண ரயில் நின்ற பிறகு, வருடக்கணக்காகப் பயணம் முடிந்த ஊர். இப்போது வடக்கே போகிற பஸ்காரர் தேத்தண்ணிக்கு நிறுத்துகிற ஊர். பசார் வீதிப் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் எனக்கு இது மனவருத்தம். இங்கே இறங்கிப் பார்க்க விஷயம் இருக்கிறது, அதுவும் நடந்தே பார்க்கலாம்.

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு முன்னால், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் சிலை. 1982இல் வைத்தது. இந்தச் சந்தியால் தினமும் போய்வரும் பிள்ளைகளுக்குப் பெயர் தெரியும், கதை அவ்வளவு தெரியாது. 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தவன். அதே வருடம் ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் டிரிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. அந்தத் தோல்வியைச் சொல்லி ஆங்கிலேயர் கற்சிலைமடுவில் ஒரு கல்லும் நட்டார்கள். வென்றவன் நட்ட கல் காட்டுப் பக்கம், தோற்றவனுக்கு நகர நடுவில் சிலை. எனக்கு அதில் ஒரு திருப்தி உண்டு.

அப்புறம் தொல்பொருள் நூதனசாலை. சின்னக் கட்டடம், பலர் வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். மன்னார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் செய்த பழைய புத்தர் சிலைகள் நடுவில் இருக்கின்றன. அவை அழகுதான். ஆனால் நான் நின்றுவிடுவது கிளிநொச்சிப் பக்கம் கிடைத்த சுடுமண் உருவங்களுக்கு முன்னால். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் மேலே வயது சொல்கிறார்கள். அரசனுக்கென்று செதுக்கியவை போல அவை எனக்குத் தெரிவதில்லை. குளத்து மண்ணை எடுத்து, விரலால் அமத்தி, சுட்டெடுத்த வேலை. குளக்கட்டில் ஐயனாரைக் கும்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த மண்ணை விளங்கிக்கொள்ள ஆள் வைத்து விளக்கத் தேவையில்லை.

கந்தசுவாமி கோயில், பெரிய பள்ளிவாசல், மாநகரசபையின் கலாசார மண்டபம் எல்லாம் போகிற வழிதான்.

மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடங்களின் கூத்துக்கு உடுப்பு தைப்பதால் எனக்கு அந்த மேடை நல்ல பழக்கம். நான் முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளைக்காரி. என் பெரிய மாமா கோவலன் கூத்தில் கண்ணகிக்கு ஆடினவர். எங்கள் பக்கத்துக் கூத்துக்கு முல்லைமோடி என்று தனி ஆட்டமும் பாட்டும் உண்டு. பழைய ஆக்கள் அதை வட்டக்களரியில், சுற்றிவரச் சனம் இருக்க, விடிய விடிய ஆடுவார்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், வரவுப் பாட்டு முடிய முன்னமே சனத்துக்கு யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். மண்டபத்தில் அதே கூத்தைப் போட்டிக்காக நறுக்கி, ஒரு பக்கம் மட்டும் பார்த்து ஆடுகிறார்கள். கோவலன் மதுரைக்குப் போய்ச் சேர முன்னமே மணி அடித்துவிடும்.

உடுப்பு அளவு பார்க்க வந்த பொடியன் ஒருவன், "அன்ரி, இது கனக்கப் பாரமாக் கிடக்கு" என்றான். "பாரமா இருந்தாத்தான் தம்பி நீ பாண்டியன் மாதிரி நடப்பாய்" என்றேன். போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து பார்த்தான். நடை மாறியது. அந்தப் பிள்ளைக்கு ஒரு முழு இரவு கொடுத்தால் எப்படி ஆடுவான்!

நான் கேட்பது இதுதான். வருடத்தில் ஒரு இரவாவது நகரத்தின் நடுவில், திறந்த வெளியில், மண்ணில் களரி போட்டு முழுக் கூத்து ஆட வேண்டும். முல்லைத்தீவு அண்ணாவிமார் வரட்டும். மலையகத்திலிருந்து 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய சனம் மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள், அவர்களும் ஆடட்டும். அரியாத்தை யானை பிடித்த கதை வன்னிக்கே உரியது, அதையும் ஆடலாம். பெரிய செலவு தேவையில்லை. உடுப்பு நான் தைத்துத் தருகிறேன், கூலி பிறகு பார்க்கலாம்.

அதுவரை முழுக் கூத்து பார்க்க ஆசைப்படுபவர்கள் வைகாசியில் வாருங்கள். முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரித்த பிறகு வற்றாப்பளை கண்ணகி அம்மனுக்குத் திங்கட்கிழமை பொங்கல். அதையொட்டிக் கோவலன் கூத்து எங்கே, எந்த இரவு என்று முள்ளியவளையில் கேட்டால் சொல்வார்கள். பகல் வவுனியாவைச் சுற்றிவிட்டு, பின்னேரம் புளியங்குளம், நெடுங்கேணி வழியாகப் போகிற முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடியுங்கள். கூத்துத் தொடங்க நேரம் செல்லும். ஒரு பாயும், பனிக்குப் போர்க்க ஒரு துணியும் கொண்டுபோங்கள். மத்தளக்காரர் நிற்கும் பக்கமாக இடம் பிடித்தால் பாட்டு நன்றாகக் கேட்கும்.