போர்ட் லூயியில் பதினாறு படிகள்

மொரீசியஸுக்கு மருமகளாக வந்து பதினொரு வருஷம் ஆகிறது. நவம்பர் 2 விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் கடற்கரைதான். ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாள் அது என்று மகளுக்குப் பள்ளியில் பாடம் வந்தது. "தாத்தாவோட தாத்தாவும் அங்கதான் இறங்கினாரா?" என்று கேட்டாள். மாமா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். சரி, இந்த வருஷம் கூலிகள் வந்திறங்கிய துறையான ஆப்ரவாசி காட் என்று முடிவாயிற்று.

ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி தலைநகர் போர்ட் லூயியில் இறங்கி நடந்தோம். நல்ல வெயில். தலைவர்கள் மலர்வளையம் வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். எங்களைப் போல வீட்டோடு வந்தவர்கள்தான் நிறைய. வழியில் காத்தோ பிமான் வாங்கினோம். நம்ம ஊர்ப் பருப்பு வடையேதான், உருண்டையாக இருக்கும். ரூபாய் நோட்டை நீட்டும் முன் மகன் அதிலிருந்த தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டினான். 1998இல் புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. ஒவ்வொரு முறை நோட்டை எடுக்கும்போதும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இடம் பெரிதில்லை. எரிமலைக் கருங்கல் சுவர்கள், சமையற்கட்டு, ஆஸ்பத்திரியின் மிச்சம், அப்புறம் அந்தப் பதினாறு படிகள். அன்று படிக்குக் கீழே கடல் இருந்தது. இன்று கடலைத் தூர்த்து, நெடுஞ்சாலையும் போட்டுவிட்டார்கள். 1834 நவம்பர் 2ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் இந்தத் தீவில் வந்திறங்கினார்கள். மூன்றே மாதத்தில், 1835 பிப்ரவரியில், இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது; அடுத்த முக்கால் நூற்றாண்டில் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். தமிழர்களில் ஒரு பகுதியினர் அதற்கும் நூறு வருஷம் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், கொத்தனாராகவும் தச்சராகவும் வந்து இந்த ஊரைக் கட்டியவர்கள். இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னேன்.

மகன் படிகளை இரண்டு தடவை எண்ணிவிட்டு உட்கார்ந்தான். மாமா அவன் பக்கத்தில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் எப்போதோ தேடி எடுத்த பதிவின் நகல். ஒரே வீட்டில் இருந்தும் அதை நான் பார்த்ததே இல்லை. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், இடது புருவத்தில் தழும்பு, கப்பல், ஊர். கூடவே ஒரு புகைப்படம்: மேல்துண்டு போர்த்திய இளைஞன், சிரிப்பே இல்லை. காது மட்டும் அப்படியே என் கணவருடைய காது.

மாமாவுக்கு வாயில் வருவதெல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான்; தமிழ் கோவிலோடு சரி. ஊர்ப் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் 'கொம்பாகோனோம்' என்று வாசித்தார். மதராஸ் பக்கம் ஏதோ கிராமம், இப்போது இருக்கிறதோ இல்லையோ என்றார்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்து எழுத்துக்கூட்டல். எனக்குக் கை நடுங்கியது. "மாமா, இது கும்பகோணம்!" என்றேன். காரைக்காலில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். மகாமகக் குளத்துப் படியில் சின்ன வயதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்ததும் அங்கேதான்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கும்பகோனம்" என்று மெதுவாகச் சொன்னார். "ணம், மாமா" என்று திருத்தினேன். மறுபடி சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அத்தை அவர் தோளில் கை வைத்தார்.

மகள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஆங்கில எழுத்துக்கு அடியில் தமிழில் எழுத வேண்டுமாம். நகல்தானே, எழுது என்றார் மாமா. 'கும்பகோ' வரைக்கும் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"எந்த ண, அம்மா?"

"மூணு சுழி."