வீவக வீட்டுக்குள் ஒரு சர்வர்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அம்மா சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறார். ஒவ்வொரு பாட்டையும் தானே பாடிக் கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். கொஞ்ச நாள் கழித்து, "டீச்சர், அந்தப் பாட்டு எங்கேயோ போயிடுச்சு, திரும்ப அனுப்புறீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். இதற்கென்று ஒரு வெப்சைட் வைத்துவிடலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

மாதம் சில சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தால் இணையத்தில் இடம் கிடைக்கும், தெரியும். ஆனால் வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்று சும்மா கிடந்தது; அதையே வெப்சைட்டை வழங்கும் சர்வராக்கிவிடலாம். ஃபைபர் லைனோ 1 கிகாபிட். பல ஊர்களில் பதிவிறக்கம் வேகமாக இருக்கும், பதிவேற்றம் நொண்டும். எங்கள் வீட்டு ஃபைபரில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகம். நான்கு நிமிடப் பாட்டை முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேட்டாலும் லைனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதனால் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. முகவரிதான் பாடாய்ப் படுத்தியது.

சர்வர் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. சிம் லிம் ஸ்குவேரில் சின்ன எஸ்எஸ்டி (சேமிப்புக் கருவி) ஒன்று வாங்கி, பையை அதிலிருந்தே பூட் ஆகும்படி செய்தேன். இருபத்துநாலு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருந்தால் மெமரி கார்டு நாளடைவில் தேய்ந்துபோகும். அப்புறம் கேடி என்ற வெப் சர்வர் மென்பொருள். டொமைன் பெயர் (பிரவுசரில் தட்டும் வெப்சைட் பெயர்) ஒரு வரி, கோப்புகள் இருக்கும் இடம் ஒரு வரி, இன்னும் ஓரிரண்டு வரி, அவ்வளவுதான் அதன் அமைப்பு. வீட்டு வைஃபையில் பக்கம் அழகாகத் திறந்தது. வெளியிலிருந்து எட்டியே பார்க்க முடியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான்' (WAN, அதாவது வெளி இணையப் பக்கம்) என்று ஓர் ஐபி முகவரி, இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண், இருக்கும். என்னுடையது 100.72 என்று தொடங்கியது. 'என் ஐபி என்ன' என்று பிரவுசரில் தேடினால் வேறொரு எண் வந்தது. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், அதிலும் ரவுட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், நீங்கள் சிஜிநாட் என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இந்த எண் வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். பழைய வகை (ஐபிவி4) ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான கையிருப்பு 2011-லேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரு புளோக் முழுவதற்கும் வாய்ட் டெக்கில் (தரைத்தளத் திறந்த இடத்தில்) ஒரே தபால்பெட்டி வைத்த மாதிரி. நாம் அனுப்பும் கடிதம் போய்விடும், அதற்குப் பதிலும் வந்துவிடும். முன்பின் தெரியாத ஒருவர் நமக்கென்று எழுதினால் எந்த வீடு என்று தபால்காரருக்குத் தெரியாது. வெப்சைட் பார்க்க வருகிறவர் எல்லாருமே முன்பின் தெரியாதவர்தான்.

புதிய வகையான ஐபிவி6 முகவரியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பிள்ளைகளின் பெற்றோர் பார்க்கும் எல்லா இணைப்பிலும் ஐபிவி6 இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது.

சரி, இணையச் சேவை நிறுவனத்துக்கு போன் போட்டேன். முதலில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். வேகம் குறைவா என்று கேட்டார்கள். இல்லை, நன்றாக இருக்கிறது. அப்படியானால் என்ன பிரச்சினை? வீட்டில் சர்வர் வைக்கிறேன் என்றதும் வர்த்தகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். அதன் மாதக் கட்டணத்தில் ஒரு நல்ல ராஸ்பெரி பையே வாங்கிவிடலாம்.

அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். "சர்வர்னு சொன்னா அவங்க வேற மாதிரி நினைச்சுக்குவாங்க தம்பி. வீட்ல இருக்கிற மெஷினை வெளியிலேர்ந்து திறக்கணும், சிஜிநாட்ல இருந்து எடுத்துட்டுப் பொது ஐபி கொடுங்கன்னு மட்டும் கேளுங்க" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டுக் கேமராவை வேலையிடத்திலிருந்து பார்க்க இதே கோரிக்கையோடு பலர் வருவதால், அந்தப் பேச்சு அவர்களுக்கு உடனே புரிகிறது. மறுபடி அழைத்து அதே வார்த்தைகளைச் சொன்னேன். தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் திரும்பக் கூப்பிட்டார், ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடச் சொன்னார் (இந்த முறை அதற்கு அர்த்தம் இருந்தது), முகவரி மாறிவிட்டது. கட்டணம் எதுவும் இல்லை. மாறாத நிலையான ஐபி வேண்டுமென்றால் மாதக் கட்டணம் உண்டு என்றார்கள், வேண்டாம் என்றேன். ஒப்பந்தத்தையும் ஒரு தரம் வாசித்துவிட்டேன். என்னுடையதில் வர்த்தகப் பயன்பாட்டுக்குத்தான் தடை. இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நீங்களும் வாசித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான எண்ணிட்ட கதவு, திறக்கும் வேலை. பைக்கு வீட்டுக்குள் மாறாத ஓர் எண்ணைக் கொடுத்து, வெப் பக்கங்களுக்கான 80, 443 என்ற போர்ட்கள் இரண்டையும் அதற்குத் திருப்பிவிட்டேன். சோதித்துப் பார்க்கும்போது கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். சில ரவுட்டர்கள் வீட்டுக்குள்ளிருந்து வீட்டின் பொது முகவரிக்குப் போக விடாது. வெளியுலகத்துக்கு நன்றாகவே திறக்கும் பக்கம், உங்களுக்கு மட்டும் திறக்காமல் நிற்கும்.

டொமைனுக்கு டாட் எஸ்ஜி எடுத்தேன். பதிவு செய்ததும் அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வைத்து அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொல்லி மின்னஞ்சல் வரும்; அதைச் செய்யாவிட்டால் பெயரை நிறுத்திவைத்துவிடுவார்கள். தமிழிலேயே 'டாட் சிங்கப்பூர்' என்று முடியும் முகவரியும் நம் நாட்டுக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாதிப் பிள்ளைகளின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையே இல்லை.

வீட்டின் ஐபி முகவரி எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, மாறியிருந்தால் டொமைன் பதிவைத் திருத்தும் சின்ன ஸ்கிரிப்ட் (நிரல்) ஒன்று பையில் ஓடுகிறது. பிரவுசரில் பாதுகாப்பைக் காட்டும் பூட்டு அடையாளத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. 90 நாள்தான் செல்லும், கேடி தானே புதுப்பித்துக்கொள்ளும்.

சான்றிதழ் வந்து சில நிமிடங்கள்கூட ஆகவில்லை, சர்வரின் லாக்கில் (வருகைப் பதிவில்) ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது. அம்மாவிடம்கூட நான் இன்னும் முகவரியைச் சொல்லவில்லை. புதிதாகக் கொடுக்கப்படும் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும், அதைப் பார்த்துக்கொண்டே சில நிரல்கள் காத்திருக்கின்றன. வந்தவர்கள் யாருக்கும் தேவாரம் வேண்டியிருக்கவில்லை. என்னிடம் இல்லாத வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் மென்பொருளின் நுழைவுப் பக்கம் எங்கே, கடவுச்சொற்களை வைக்கும் கோப்பு எங்கே என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெறும் ஆடியோ கோப்புகள் மட்டும் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு எடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதே ரவுட்டரில்தான் தங்கையின் மடிக்கணினியும் வீட்டுக் கேமராவும் இருக்கின்றன. ஆகவே பையைத் தனி நெட்வொர்க்கில் பிரித்துவிட்டேன். பையைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் போர்ட்டை வெளியே திறக்கவே இல்லை. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டுமென்றால் வயர்கார்டு என்ற மறைகுறியாக்கிய தனிப்பாதை (விபிஎன்) வழியாகத்தான். என்னைக் கேட்டால், இந்தப் பிரிப்பைச் செய்யத் தோதில்லாத ரவுட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டில் சர்வர் வைக்காமல் இருப்பதே நல்லது.

சில பதிவுகளில் பிள்ளைகளின் குரலும் இருக்கிறது. அதனால் பெற்றோரிடம் சொல்லிவிட்டு அந்தப் பகுதிக்குக் கடவுச்சொல் போட்டேன். அம்மா அதை வகுப்பின் வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். போகட்டும், நிரல்கள் வகுப்புக்கு வருவதில்லை.

மின்சாரச் செலவு மாதம் ஏறக்குறைய ஒரு வெள்ளி. ஐந்து வாட் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 3.6 யூனிட்தான். டிவிக்குப் பின்னால் ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில், காற்று படும்படி வைத்திருக்கிறேன். மின்விசிறி இல்லாத அலுமினிய உறை, சத்தமே வராது. கெட்டில் போட்டு வீட்டில் மின்சாரம் டிரிப் ஆனாலும் சுவிட்சை ஏற்றியதும் தானே எழுந்துகொள்கிறது. மின்னஞ்சல் சர்வரை மட்டும் முயலவில்லை. வீட்டு முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும், குப்பைக்குள் போய் விழும்.

பொங்கோலில் இருக்கும் நண்பர் ஒருவரும் இதேபோல் வைக்க ஆசைப்பட்டார். அவருடைய நிறுவனம் பொது ஐபி தரவே தராது என்று சொல்லிவிட்டது. அவருக்கு வேறு வழி: வெளியே ஒரு சின்ன மெஷினை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு சுரங்கம் போட்டு, வருகிறவர்களை அந்த வழியாக வீட்டுக்கு அனுப்புவது. கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் இலவசமாகவே இப்படி ஒரு சுரங்கம் தருகிறது. ஆனால் மறைகுறியாக்கப் பூட்டு அவர்கள் இடத்தில்தான் திறக்கும், போக்குவரத்தை அவர்களால் பார்க்க முடியும். பாட்டுக் கோப்புகளுக்கு அது பெரிய விஷயமில்லை. நண்பர் வைக்கப்போவது குடும்பப் புகைப்படங்கள், அதனால் வாடகை மெஷினே இருக்கட்டும் என்கிறார்.